மார்கழியில் வீங்கும் விரல்கள்: பூக்கட்டும் ஒருவர் முன் இருந்த நான்கு வழிகள்

உதகை மார்க்கெட்டில் பூக்கட்டி விற்கும் என் அக்காவுக்கு மூன்று மார்கழிகளுக்கு முன்பு விரல்கள் வீங்கின. முதலில் சுண்டுவிரலும் மோதிரவிரலும், நான்கு நாள் கழித்து வலக்கை ஆள்காட்டி விரலின் மேற்புறமும் சிவந்து தடித்து, இரண்டொரு நாளில் நாவற்பழத் தோலின் நிறத்துக்கு மாறின. பகலில் விரலை மடக்கினால் வலித்தது. இரவில் கம்பளிக்குள் கை சூடேறியதும் வலி அடங்கி, தோலையே உரித்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு அரிப்பும் எரிச்சலும் வந்தன. மோதிரத்தைச் சோப்பு நுரை போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது.

இதற்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அவர் முன் நான்கு வழிகள் இருந்தன. வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டு மலையிலேயே இருப்பது, களிம்பு தடவுவது, ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை சாப்பிடுவது, குளிர்காலம் முடியும்வரை திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு இறங்கிவிடுவது. அக்காவோடு மருத்துவமனைக்குப் போய் வந்ததிலும், மருத்துவர்களிடம் கேட்டதிலும், பிறகு தேடிப் படித்ததிலும் எனக்குத் தெளிவானவற்றை, இதே வீக்கத்தோடு நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த நோய்க்குச் சில்பிளெயின்ஸ் என்று பெயர். மருத்துவச் சீட்டில் பெர்னியோ என்றும் எழுதுவார்கள். தமிழ்நாட்டின் சமவெளியில் இது அநேகமாகக் கண்ணில் படாத நோய் என்பதால், கீழிருந்து மேலே வரும் பலரும் இதை ஒவ்வாமை என்றோ படை என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். பனிக்கடி என்று சொல்பவர்களும் உண்டு. பனிக்கடியில் சதையே உறைந்து செத்துப்போகிறது. அதற்கு உறைநிலைக்குக் கீழான குளிர் வேண்டும். சில்பிளெயின்ஸுக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. பூஜ்ஜியத்துக்கு மேல், ஏறத்தாழ 15 டிகிரிக்குள் இருக்கும் குளிரும், அதோடு ஈரமும் சேர்ந்தால் போதும்.

குளிர் பட்டதும் விரல்களின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் வழி அது. சிலருக்கு அந்தச் சுருக்கம் வேண்டியதற்கு மேல் நீடிக்கிறது. பிறகு கையைச் சட்டென்று சூடாக்கும்போது, இன்னும் முழுதாக விரியாத குழாய்களுக்குள் ரத்தம் பாய்ந்து, நீர் சுற்றியுள்ள திசுக்களில் கசிந்து, அழற்சி தொடங்குகிறது. வீக்கம் அந்த நேரத்திலேயே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தோ, அரை நாள் முதல் ஒரு நாள் கழித்தோதான் தெரிகிறது. அதனால் விடிகாலை ஈரத்துக்கும் மறுநாள் வீக்கத்துக்கும் உள்ள தொடர்பு நோயாளிக்கே புலப்படாமல் போய்விடுகிறது. மறுபடி குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தானே ஆறும். மறுபடி மறுபடி குளிர் பட்டால் கொப்புளமும் புண்ணும் வரலாம். பெண்களிடமும் ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. அக்காவின் எடை 43 கிலோ.

உதகை 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் வெப்பநிலை 5 டிகிரி அளவுக்கு இறங்குவதும், உறைபனி விழும் விடியலில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களின் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும் ஆண்டுதோறும் பார்ப்பது. ஆனால் அதே நாளின் நடுப்பகலில் வெயில் 20 டிகிரியைத் தொட்டுவிடும். விடியலில் விறைத்த கை பத்து மணி வெயிலில் சுள்ளென்று சூடேறுவது இந்த நோய்க்கு மிகவும் தோதான ஏற்பாடு. உறைபனி மாதங்கள் மட்டும்தான் காரணம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஜூலைச் சாரலில், பனியே இல்லாத, பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நாள் முழுக்க ஈரம் காயாத நாட்களிலும் இது வரும். குளிர்நாடுகள் பலவற்றில் வீட்டுக்குள் வெப்பமூட்டும் வசதி பரவிய பின் இந்த நோய் குறைந்தது. நம் மலை வீடுகளில் அந்த வசதி கிடையாது. வெளியிலிருக்கும் குளிர்தான் அடுக்களையிலும் இருக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் முன், இது அதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரேனாட் என்ற கோளாறில் விரல் சுண்ணாம்பாக வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து, சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சில்பிளெயின்ஸ் வீக்கம் நாள்கணக்கில் நிற்கும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். முடக்குவாதத்தில் வீக்கம் மூட்டுகளில் இருக்கும், காலையில் விரல்கள் இறுகிக் கிடக்கும். சிரங்கில் அரிப்பு விரலிடுக்கில் தொடங்கி வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவும். விரல்களின் தோல் இறுகிப் பளபளத்து, நுனியில் புண் வைத்தால் அது ஸ்கிளீரோடெர்மா என்ற நோயாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டாமல் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

நாங்கள் இவை எதையும் அறியாமல் முதலில் பிடித்தது களிம்பு வழி. மருந்துக்கடையில் விரலைக் காட்டியதும் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டும் படை மருந்தும் பாக்டீரியா மருந்தும் ஒன்றாகக் கலந்த களிம்பு அது. விலை குறைவு, அலைச்சல் இல்லை, தடவிய முதல் இரவு அரிப்பும் கொஞ்சம் அடங்கியது. ஐந்து வாரம் தடவினார். வீக்கம் போனபாடில்லை, விரலின் மேல்தோல் சிகரெட் தாள்போல மெலிந்து, பூநார் பட்ட இடமெல்லாம் கீறல் விழுந்தது. பிறகு பார்த்த தோல் மருத்துவர் அந்த டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசை ஓரத்தில் தள்ளி வைத்தார். வீரியமான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்களுக்கு மட்டும் சில மருத்துவர்கள் தருவதுண்டு. ஆனால் நெதர்லாந்தில் பீட்டாமெத்தசோன் களிம்பை மருந்தில்லாத களிம்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்துள்ளது மேலானதாகத் தெரியவில்லை. நெடுநாள் தடவினால் தோல் மெலிவது மட்டும் உறுதி.

நீலகிரித் தைலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மலையில் விரல் வீங்கினால் முதலில் கை போவது அந்தப் புட்டிக்குத்தான். தைலம் தோலில் ஒரு சூட்டு உணர்வைத் தருமே தவிர, சுருங்கிய குழாய்க்கு அது மருந்தாகாது. வெடித்த தோலில் பட்டால் எரிந்து அழற்சியைக் கூட்டும். வெறும் வாசலைன் அதைவிட நல்லது. தோல் வெடிக்காமல் காப்பது என்ற ஒரு வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. ஆகவே களிம்பு வழி துணைக்கு இருக்கலாம், தனி வழியாக நிற்காது என்பதே என் முடிவு.

மாத்திரை வழியில் முதன்மையானது நிஃபெடிப்பின். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மருந்துதான். ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தி விரிக்கிறது. மெதுவாகக் கரையும் வகையை, நாளொன்றுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கித் தேவைப்பட்டால் 60 வரை மருத்துவர்கள் ஏற்றுகிறார்கள். 1980-களில் பிரிட்டனில் நடந்த சிறிய ஆய்வுகள் இது விரைவாக ஆற்றுவதாகவும் புதிதாக வராமல் தடுப்பதாகவும் காட்டின. அதன்பின் பல ஆண்டுகள் அதுவே பொது வழக்கமாக இருந்தது. 2016-இல் நெதர்லாந்தில், நெடுநாள் சில்பிளெயின்ஸ் உள்ளவர்களிடம் இதே மருந்தையும் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வும் சிறியதுதான். புண் வைக்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கு மருத்துவர்கள் இன்றும் இதைத் தருகிறார்கள். பயன் கண்டவர்களும் இருக்கிறார்கள். இலேசான வீக்கத்துக்கு எடுத்ததும் மாத்திரை கேட்பதற்கு இந்தச் சான்றுகள் போதா என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் தொந்தரவுகளையும் கணக்கில் வைக்க வேண்டும். தலைவலி, முகம் சூடேறிச் சிவத்தல், படபடப்பு, கணுக்கால் வீக்கம் ஆகியவை வழக்கமாக வருபவை. இயல்பாகவே ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்குத் தலைசுற்றும். அதிகாலையில் சரிவுப் படிக்கட்டில் குடம் தூக்கி நடக்கும் ஒருவருக்கு அது சிறிய விஷயமல்ல. கருவுற்றிருப்பவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இன்னொன்றும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ ஏற்கெனவே புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, அந்த மாத்திரையே விரல்களின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடும். புதிய மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் காட்டுவது நல்லது. புகைபிடிப்பவர் அதை விடாமல் மாத்திரை மட்டும் சாப்பிடுவது, ஒரு கையால் குழாயைத் திறந்துகொண்டே மறுகையால் மூடுவதுபோலத்தான். புகையிலையின் நிகோட்டின் அதே குழாய்களைச் சுருக்குகிறது.

கீழே இறங்கும் வழிதான் கேட்பதற்கு மிக எளிமையானது, பலனும் உறுதியானது. உதகையிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஐம்பது கிலோமீட்டர். உயரம் 300 மீட்டர் சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. குளிரும் ஈரமும் இல்லாத இடத்தில் இந்த நோய்க்கு வேலையில்லை. திருப்பூரிலிருந்து அக்கா மகன் போனில், “சித்தி, நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க, மூணு மாசம் இங்க வந்து இருக்கட்டும்” என்று கெஞ்சினான். அக்கா சொன்ன பதில் சுருக்கமானது: “மார்கழியும் தையும் போனா நான் வருஷம் பூரா என்ன பண்ணுவேன்?” மார்கழிக் கோலத்துக்கும் கோயிலுக்கும் ஐயப்பன் மாலைக்கும் தை முகூர்த்தத்துக்கும் பூ விற்கும் அந்த இரண்டு மாதங்கள்தான் அவருடைய வருமானத்தின் முதுகெலும்பு. இடத்தை மூன்று மாதம் காலியாக விட்டால் வேறொருவர் கூடையை வைத்துவிடுவார். ஓய்வூதியத்தில் இருப்பவருக்கும், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கும், பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போகக்கூடிய குழந்தைக்கும் இறங்குவது நல்ல வழி. புண் ஆறாமல் சீழ் வைத்தவர், வேலை எதுவானாலும், சில வாரமாவது இறங்கித்தான் ஆக வேண்டும் என்பேன். ஆனால் விடிகாலை ஈரத்தோடு பிழைப்பு நடத்துபவரிடம், காரட் கழுவுபவரிடமோ பால் கறப்பவரிடமோ, ‘கீழே போங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவருக்கு எந்த வழியையும் காட்டியதாக ஆகாது.

எஞ்சியது மலையிலேயே இருந்து வேலையின் முறையை மாற்றுவது. இதைத்தான் எல்லோரும் ‘கையுறை போட்டுக்கொள்’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் முதலில் முடித்தோம். கையுறையோடு பூக்கட்ட முடியாது. அக்கா கட்டும்போது அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: இடக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மல்லிகையை இரண்டிரண்டாகக் காம்பு எதிரெதிரே வரும்படி அடுக்கி, வலக்கை நாரை ஒரு சுற்று சுற்றி, வளையம் போட்டு, நுனிவிரலால் இழுத்து முடிச்சை இறுக்குகிறார். முடிச்சு இறுகியதா என்பதைக் கண் பார்ப்பதில்லை, விரல்நுனிதான் சொல்கிறது. கம்பளி உறையைப் போட்டபோது முடிச்சு நழுவியது. அரை மணி நேரத்தில் உறை நனைந்து, வெறுங்கையைவிட மோசமாகக் குளிரைப் பிடித்து வைத்துக்கொண்டது. நனைந்த கம்பளி விரலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாத்திரம் கழுவுவதற்கும் காரட் கழுவுவதற்கும் மட்டும், உள்ளே மெல்லிய பருத்தி உறையும் வெளியே ரப்பர் உறையும் அணிவது உண்மையிலேயே உதவும். உள்ளுறை நனைந்ததும் மாற்ற, இரண்டு மூன்று ஜோடி கைவசம் இருக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் விரலை மறைப்பதை விட்டுவிட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். பூ சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து இரவே வண்டியேறி, ஈரச் சாக்கில் சுற்றி விடியலில் வந்து சேர்கிறது. வாழைநாரை முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்து, ஊறிய நாரை விரலில் சுற்றிக்கொண்டே கட்டுகிறார். நான்கு மணி முதல் ஏழு மணி வரை, மூன்று மணி நேரம், பனிக்காற்றில் அவர் விரலைவிட்டு இறங்காத ஈரம் அந்த நார்தான். நாருக்குப் பதில் உலர்ந்த பூக்கட்டும் நூலுக்கு மாறினோம். நாரில் கட்டியது வாடாது என்று கேட்டு வாங்கும் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும், வெயில் ஏறிய பின் நாரில் கட்டித் தருகிறார். சாக்கிலிருந்து எடுத்த பூவைப் பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஈரம் வடிந்த பிறகே கட்டத் தொடங்குகிறார். முதல் சரங்களை முந்தின மாலையே வீட்டுக்குள் கட்டி வைக்கிறார். பூ கொஞ்சம் வாடும், விலை கொஞ்சம் இறங்கும். அது இந்த வழியின் செலவு.

இரண்டாவது மாற்றம் கைக்கு அல்ல, உடம்புக்கு. நெஞ்சும் கழுத்தும் தலையும் குளிர்ந்தால், உறை போட்ட கைக்கும் ரத்தம் குறையும். உள்ளுறுப்புகளின் சூட்டைக் காக்க உடம்பு முதலில் கைவிடுவது விரல்களைத்தான். உள்ளே ஒட்டிய பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய சாக்ஸை வெட்டித் தைத்த உறை, காலுக்குச் சாக்ஸ் எல்லாம் சேர்ந்தபோது வெறும் விரலோடு கட்டியும் விரல் முன்போல விறைக்கவில்லை. கிளம்பும் முன் சூடாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்பதையும் கண்டிப்பாக்கினோம்.

மூன்றாவது, நெருப்பு. விறைத்த கையைக் கரி அடுப்புக்கு மேல் நீட்டுவது மார்க்கெட்டில் எல்லோருக்கும் பழக்கம். இந்த நோய்க்கு அதைவிடக் கெடுதலானது இல்லை. சட்டென்று ஏறும் சூட்டில்தான் கசிவும் வீக்கமும் கூடுகின்றன. மரத்த விரலுக்குச் சூடு தெரியாமல் தீப்புண்ணும் படும். கையைத் துடைத்து உலர்த்தி அக்குளில் வைத்துக்கொள்ளலாம், அல்லது துணியில் சுற்றி மெல்ல மெல்லச் சூடேற்றலாம். இரவில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவதை, விரல் வீங்கினாலும் வீங்காவிட்டாலும், யாரும் செய்யக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

இந்த நான்கு வழிகளுக்கும் குறுக்கே இன்னொரு முடிவு இருக்கிறது: ரத்தப் பரிசோதனை செய்வதா வேண்டாமா என்பது. அக்காவைப் பார்த்த தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “வெயில் காலம் வந்தா இது முழுசாப் போயிடுதாம்மா?” என்பதுதான். அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. குளிரால் மட்டும் வருவது சித்திரை வெயிலில் மறைந்துவிடும். சித்திரையிலும் விரலில் நின்றால், அல்லது கன்னத்தில் செந்தடிப்பு, வெயில் பட்டால் தோல் தடிப்பது, வாய்ப்புண், மூட்டுவலி, கொத்தாக முடி உதிர்வது இவற்றில் ஏதாவது சேர்ந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயின் ஒரு வடிவமாக இருக்கக் கூடும், அதற்கான ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதும் அப்போது அவசியம். ரத்தத்தில் குளிர்ந்தால் உறையும் புரதங்கள் இருப்பதாலும் இது வரலாம். முதியவர் ஒருவருக்கு வாழ்நாளில் முதன்முறையாக இது வந்தால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை விடாமல் பார்க்க வேண்டும். அரிதாக, ரத்தப் புற்றுநோய் ஒன்றின் முதல் அடையாளமாக இது வருவதுண்டு. இளவயதில் ஒவ்வொரு மார்கழியிலும் வந்து ஒவ்வொரு பங்குனியிலும் போகும் இலேசான வீக்கத்துக்கு இத்தனையும் தேவைப்படாது. அக்காவுக்கு வயது 46, நோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது என்பதால் ரத்த அணுக்களையும் ஏ.என்.ஏ.-வையும் பார்த்தார்கள், இரண்டும் இயல்பாக இருந்தன.

மருத்துவரிடம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மலையில் வரிசையில் நின்று மருத்துவர் அறைக்குள் நுழைவதற்குள் பதினொரு மணியாகிவிடும். வெயிலில் விரலின் நிறம் மாறி, விடியலில் இருந்த கருநீலம் வெறும் சிவப்பாகத் தெரியும். தினமும் ஒரே நேரத்தில் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அக்காவின் பழைய படங்களைப் பார்த்த பிறகுதான் அந்த மருத்துவரும் உறுதியாகச் சொன்னார்.

இரண்டாம் ஆண்டு நூலும் பனியனும் குல்லாவுமாக மார்கழி பாதிவரை விரல்கள் நன்றாகவே இருந்தன. தை முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், ஒரே இரவில் பெரிய ஆர்டர் ஒன்றுக்காக மறுபடி ஊறிய நாரில் கட்டியதில் ஆள்காட்டி விரலில் புண் வைத்தது. அப்போதுதான் மருத்துவர் நிஃபெடிப்பின் தொடங்கினார். முதல் மூன்று நாள் தலைவலி இருந்தது, பிறகு குறைந்தது. புண் இரண்டு வாரத்தில் மூடியது. அதை மாத்திரை ஆற்றியதா, அந்த இரண்டு வாரமும் அக்கா தண்ணீர் தொடாமல் இருந்தது ஆற்றியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மாசி முடிவில் மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சென்ற மார்கழியில் அது தேவைப்படவில்லை. முகூர்த்த ஆர்டர் வந்தால் அக்கா இப்போது கேட்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்: நூலில் கட்டியதுதான் கிடைக்கும், நாரில் வேண்டுமானால் ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள் என்று.